தொண்ணூற்றாறு பூஜ்யங்கள்

நகராட்சி வாசல் பலகையில் ஒட்டியிருந்த தாளில் 'பூஜ்யம் சொன்ன வீடுகள்: தொண்ணூற்றாறு' என்று படித்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தண்ணீர் வரி கட்டப் போனவள், வரிசையில் என் இடத்தை விட்டுவிட்டு வந்து இன்னொரு தரம் படித்தேன். அந்தத் தொண்ணூற்றாறு பேருக்கும் பூஜ்யம் சொல்லச் சொன்னது நான்தான். சொன்ன சொல்லை ஒருத்தர் மீறவில்லை. பதினோரு வருஷமாகத் தெருச் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறேன், ஒரு கூட்டத்துக்கு இருபது பேரைச் சேர்க்கவே நாக்குத் தள்ளிவிடும். தொண்ணூற்றாறு என்றால் சும்மாவா?

அப்புறம்தான் கீழே இருந்த வரிகளைப் படித்தேன். ஏரிக்கரை மூன்று தெரு, நூற்று நாற்பது வீடு. ஏரி இப்படியே இருப்பதற்காக ஒரு வீடு மாசம் தரத் தயாராக இருக்கும் சராசரித் தொகை பத்தொன்பது ரூபாய். ஏரியில் பாதியைத் தூர்த்து வாகன நிறுத்தம் கட்டினால் அதே ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் பலன், மாசம் முப்பத்தொன்று. ஆகவே தூர்க்கலாம் என்று பரிந்துரை. ஆட்சேபம் இருந்தால் பன்னிரண்டு நாளுக்குள் தெரிவிக்கவும்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் ஏரித் தவளைகள் பாவம், அவை வாயை மூடிக்கொண்டுதான் இருந்தன. கெடுத்தது என் வாய்.

நடந்தது இதுதான். ஒன்றரை மாசத்துக்கு முன் தோளில் பையும் கையில் படிவங்களுமாக ஒரு பெண் எங்கள் தெருவுக்கு வந்தாள். பொருளாதாரம் படித்தவளாம், நகராட்சிக்காக ஒரு கணக்கெடுப்பாம். என் வீடுதான் முதல் வீடு. ஏரியைப் பற்றி நாலு வார்த்தை கேட்டாள், நானும் நாற்பது சொன்னேன். அப்புறம், இந்த ஏரி இப்படியே இருக்க உங்கள் வீட்டிலிருந்து மாசம் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருப்பீர்கள் என்று கேட்டாளே பார்க்கலாம். எனக்குச் சுருக்கென்றது. இன்றைக்குக் கேள்வி, நாளைக்கு ரசீது. இருக்கிற ஏரியைப் பார்ப்பதற்கு நான் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? காற்றுக்கும் ஒரு பில் போட்டுவிட வேண்டியதுதானே? 'பூஜ்யம்' என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். சாத்தியவள் சும்மா இருந்தேனா? பின்கட்டு வழியாக ஓடி, அவள் ஒரு வீடு முடிப்பதற்குள் நான் ஐந்து வீடு முடித்தேன். பூஜ்யம் சொல்லுங்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம், கதவைச் சாத்துங்கள். நான் போய்ச் சேர்ந்த வீட்டில் எல்லாரும் அப்படியே செய்தார்கள்.

பலகையைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மூன்று வருஷத்துக்கு முன் அவருக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. மறுபடி நடக்கக் கற்றுக்கொண்டது ஏரிக்கரையில்தான். அங்கே ஏழு கல் பெஞ்சு இருக்கிறது. முதல் மாசம் ஒரு பெஞ்சு வரை. அடுத்த மாசம் இரண்டாவது. ஏழாவது பெஞ்சில் போய் உட்கார்ந்த அன்று, மனுஷர் வெற்றி விழா நடத்தின மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, திரும்ப வீட்டுக்கு வர முடியாமல் ஆட்டோ வைக்கச் சொன்னார். பலகையில் இருந்த படத்தில் நிறுத்தம் வருகிற பக்கம் அந்தப் பெஞ்சு இருக்கிற பக்கம்தான்.

"ஏழு பெஞ்சையும் பூஜ்யத்துக்கு வித்துட்டியேம்மா," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் காலையில் அந்தக் கணக்குப் பெண்ணைத் தேடிப் போனேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை. மேஜை, இரண்டு நாற்காலி, ஓயாமல் கத்துகிற மின்விசிறி. எங்கள் தெருக்காரர்களின் படிவங்கள் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாக இருந்தன. என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து நிற்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. நான் கதவைச் சாத்தின வேகத்துக்கு அது நியாயம்தான்.

நான் நேராகவே கேட்டேன். ஏரி வேண்டும் என்பதற்காகத்தானே பூஜ்யம் சொன்னோம், அதை எப்படி ஏரி வேண்டாம் என்று எழுதலாம் என்று.

அவள் ஒரு படிவத்தை உருவி என் பக்கம் திருப்பி வைத்தாள். என்னுடையதுதான். தொகை என்ற கட்டத்தில் பூஜ்யம். அதற்குக் கீழே 'ஏன்?' என்று ஒரு கேள்வி, ஐந்து கட்டங்கள். எல்லாம் காலி.

"பூஜ்யம் சொல்றவங்க எல்லாரும் ஒரே காரணத்துக்காகச் சொல்றதில்லம்மா. கையில காசு இல்லன்னு சொல்லலாம். ஏரியால எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லலாம். இந்த ரெண்டும் நிஜப் பூஜ்யம். நகராட்சிதானே பார்த்துக்கணும், நான் ஏன் தரணும்னு சொல்லலாம். கொடுத்தா ஏரிக்குப் போய்ச் சேராதுன்னு சொல்லலாம். அது விலை இல்ல, கோபம். கோபத்த நாங்க சராசரில சேர்க்க மாட்டோம், தனியா எடுத்து வெச்சிடுவோம். எது எதுன்னு கேக்கத்தான் அந்தக் கேள்வி. நான் வாயத் திறக்கறதுக்குள்ள தொண்ணூத்தாறு கதவு மூஞ்சில அடிச்சுது."

காரணம் காலியாக இருந்தால் நிஜப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நகராட்சி கொடுத்த விதியாம். அவள் என்ன செய்வாள்?

இதைக் கண்டுபிடிக்க வேறு வழியே கிடையாதா என்று கேட்டேன். உண்டு என்றாள். ஏரியைப் பார்த்த வீட்டுக்கும் பின்தெரு வீட்டுக்கும் விலையில் என்ன வித்தியாசம் என்று பார்ப்பார்களாம், அந்த வித்தியாசத்தில் ஏரியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பார்களாம். தூரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் எவ்வளவு செலவு செய்து வருகிறார்கள் என்றும் பார்ப்பார்களாம். எங்கள் மூன்று தெருவிலும் இருபது வருஷமாக ஒருத்தரும் வீட்டை விற்கவில்லை. ஏரிக்கு வருகிறவர்கள் எல்லாம் செருப்புக்கூடப் போடாமல் நடந்து வருகிறவர்கள். ஆகவே வாய்விட்டுக் கேட்பது ஒன்றுதான் மிச்சம்.

அப்படியானால் எங்கள் தொகையை மாற்றி எழுதிக்கொள் என்றேன். முடியாது என்று தலையை ஆட்டினாள். முடிவு தெரிந்த பிறகு சொல்கிற தொகைக்கு மதிப்பில்லை. ஆனால் விடுபட்ட கேள்வியை மட்டும் திரும்பப் போய்க் கேட்க விதியில் இடம் உண்டு. கதவைத் திறக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். தொண்ணூற்றாறு கதவையும் நான் திறந்து தருகிறேன் என்றேன்.

"திறந்து குடுங்க. ஆனா என்ன சொல்லணும்னு நீங்க சொல்லித் தரக் கூடாது. பலகையில என்ன இருக்குன்னும் சொல்லக் கூடாது. நான் கேக்கும்போது நீங்க வாசல் கேட்டுக்கு வெளியில நிக்கணும். ரெண்டு வீட்டுல ஒரே வாக்கியம் கேட்டேன்னா, அங்கேயே பேனாவ மூடிட்டுப் போயிடுவேன்."

தண்ணீர்க் குழாயிடம் போய்ச் சொட்டாதே என்று சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. சரி என்றேன்.

வருகிற வழியில் மருந்துக் கடையில் தொண்டை மிட்டாய் ஒரு பெட்டி வாங்கினேன். ஒரு வீட்டுக்கு ஒன்று. வாயில் அது இருக்கும்வரை பேச்சு வராது. வீட்டில் அவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, இது நமக்குக் கல்யாணம் ஆன வருஷமே கடையில் கிடைத்ததா என்று விசாரித்தார்.

முதல் வீடு என் வீடு. நானும் தொண்ணூற்றாறில் ஒருத்திதானே. அவள் கேட்டாள், ஏன் பூஜ்யம் என்று. என் வீட்டில் மிட்டாய்க்கு வேலையில்லை. பெஞ்சைச் சொன்னேன், இடது காலைச் சொன்னேன், வெயில் காலத்தில் ஏரிப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் மின்விசிறி தேவையில்லை என்பதைச் சொன்னேன், வரி கட்டுகிற பணமெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன். கால்மணி நேரம் ஆகியிருக்கும். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மூன்றாம் கட்டத்தில் ஒரு டிக் போட்டு, ஓரத்தில் என் வார்த்தையிலேயே ஒரு வரி எழுதினாள்.

அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றாள். என் படிவம் இனிமேல் சராசரியில் சேராதாம். அப்போது எனக்கு இந்த ஏரி எவ்வளவு பெறும் என்று அவள் எழுதுவாள் என்று கேட்டேன். தெரியாது என்று எழுதுவேன், அதுதான் உண்மை என்றாள். கொஞ்சம் வலித்தது. ஆனால் அந்தப் பூஜ்யத்தைவிட இந்தத் தெரியாது எவ்வளவோ மேல்.

எதிர்வீட்டு டெய்லர் கதவைத் திறந்ததும் திறக்காததுமாக என்னிடம்தான் கேட்டாள். "அக்கா, இந்தத் தடவை என்ன சொல்லணும்?"

"உன் மனசுல என்ன இருக்கோ அதச் சொல்லு."

"என் மனசுல என்ன இருக்குன்னு வழக்கமா நீங்கதான சொல்வீங்க."

கணக்குப் பெண் அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். நான் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனேன்.

ஒரு நாளைக்குப் பத்து வீடு. ஆட்கள் வேலைக்குப் போய் வருகிற நேரம் பார்த்துப் போக வேண்டும். சாயங்காலம் ஐந்தரைக்கு ஆரம்பித்தால் எட்டரை. வாசலில் நிற்கிற மூன்று மணி நேரமும் எனக்கு உள்ளே குடைந்துகொண்டே இருக்கும். சில வீட்டில் கதவு திறந்தே இருக்கும், காதில் விழும். ஒருத்தர் நகராட்சியை வண்டி வண்டியாகத் திட்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொருத்தர், ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார், ஏரிப் பக்கம் போயே நாலு வருஷம் ஆச்சு, கொசுதான் வருது, எனக்கு அதால ஒண்ணுமில்ல என்று நிதானமாகச் சொன்னார். போன வாரம்தான் அதே கரையில் என் கூட முக்கால் மணி நேரம் நடந்து, நீர்க்கோழி எத்தனை என்று எண்ணிக்கொண்டு வந்த மனுஷர். மிட்டாயைக் கடித்துவிட்டேன். பல் ஆடியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவருடைய பூஜ்யம் அவருடையது.

நாலாம் நாள் மழை. தெருவில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். இன்றைக்கு வேண்டாமே என்று அவளே சொன்னாள். ஒரு நாள் விட்டாலும் பத்து வீடு போய்விடும், பன்னிரண்டு நாளுக்குள் எண்ணிக்கை முடியாமல் போகலாம். இரண்டு குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். படிவங்களைப் பால் வாங்குகிற பிளாஸ்டிக் கூடையில் வைத்து மேலே ரெயின்கோட்டைப் போர்த்தி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி நான் தூக்கிக்கொண்டேன். அன்றைக்குப் பதினொரு வீடு முடித்தோம். தும்மல் எனக்கு, ஜுரம் அவளுக்கு. மறுநாள் அவளுக்கு மாத்திரை கொடுத்து, என் வீட்டு வாசல் நாற்காலியில் கால்மணி நேரம் உட்கார வைத்துவிட்டுக் கூட்டிப் போனேன்.

இந்த ஒன்பது நாளில் எல்லாரும் என்னைக் கேட்டார்கள், எதற்காக இந்தப் பாடு என்று. மச்சினி போன் பண்ணி, சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டிவந்து ஏரி எங்கள் உயிர் என்று சொல்ல வைக்கட்டுமா என்றாள். நான் பேசாதிருப்பது அவளுக்குப் புதிதாக இருந்ததால், உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டு வைத்தாள்.

பத்தாம் நாள். கடைசி வீடு. மூன்றாம் தெரு முனையில், தளம் தெருவிலிருந்து ஒரு சாண்கூட உயரமில்லாத வீடு. இஸ்திரிக் கடைக்காரி அங்கே தன் பெண்ணோடு இருக்கிறாள். மழை நின்று ஐந்து நாள் ஆகியும் சுவரில் ஈரக் கோடு முட்டி உயரத்துக்குத் தெரிந்தது. காற்று வரட்டும் என்று கதவைத் திறந்து வைத்திருந்தாள். நான் கேட்டருகில் நின்றேன், மிட்டாயோடு.

ஏன் பூஜ்யம் என்று கணக்குப் பெண் கேட்டாள்.

"எனக்கு ஏரி வேண்டாங்க," என்றாள் இஸ்திரிக் கடைக்காரி. "ஒவ்வொரு மழைக்கும் அது என் வீட்டுக்குள்ள வந்து நிக்குது. இந்த வருஷம் மூணு தடவை. துவைச்சுத் தேய்க்கக் குடுத்த துணி, எம் பொண்ணு புஸ்தகம், கட்டில் கால் எல்லாம் போச்சு. தூர்த்தாங்கன்னா எனக்கு நிம்மதி." கொஞ்சம் நிறுத்தினாள். "அன்னிக்கு அந்த அக்கா வந்து பூஜ்யம் சொல்லுன்னு சொன்னாங்க. எனக்குச் சந்தோஷமா இருந்துது. இந்தத் தெருவுல என் மனசுல இருக்கறத யாரும் சொன்னதே இல்ல. அன்னிக்குத்தான் மொதத் தடவை."

ஒரு சாமான் கீழே விழுந்த மாதிரி இருந்தது எனக்குள். பதினோரு வருஷம் செயலாளர். அவள் வீட்டு வாசலுக்கு நான் சந்தா வாங்கவும் பூஜ்யம் சொல்லச் சொல்லவும்தான் வந்திருக்கிறேன். உள்ளே போய், தூர்த்தால் தண்ணீர் இன்னும் அதிகமாக வரும், போக இடமில்லாமல் உன் வீட்டுக்குத்தான் வரும் என்று கத்த வேண்டும் போல் இருந்தது. அது நிஜமாகக்கூட இருக்கலாம். ஆனால் கேள்வி அது இல்லை. பேனா இரண்டாம் கட்டத்தில் டிக் போட்டதைப் பார்த்தேன்.

வெளியே வந்த இஸ்திரிக் கடைக்காரி என்னைப் பார்த்தாள். "தப்பாச் சொல்லிட்டனாக்கா?"

கணக்குப் பெண் பேனாவை இன்னும் மூடவில்லை. நான் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டேன்.

"நீ சரியாத்தான் சொன்ன."

ஆட்சேப விசாரணை நகராட்சி மாடியில், நீளமான மேஜை போட்ட அறையில் நடந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு கையில் தடியும் ஒரு கையில் டெய்லர் தோளுமாக மாடி ஏறி வந்தார். கணக்குப் பெண் எழுந்து படித்தாள். தொண்ணூற்றாறு பூஜ்யத்தில் எழுபத்தொன்று கோபம். பதினான்கு பேர் கையில் காசு இல்லாதவர்கள். பதினொரு பேருக்கு ஏரி வேண்டாம். கோபத்தை எடுத்துவிட்டு மீதி அறுபத்தொன்பது வீட்டுக்குச் சராசரி போட்டால் முப்பத்தெட்டு. நிறுத்தத்தின் முப்பத்தொன்றைவிட ஏழு அதிகம்.

நகராட்சிப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் நிறுத்தத்தின் படம் அவர் போட்டது. முதலில் எல்லாரும் பூஜ்யம் என்கிறார்கள், தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் எல்லாருக்கும் கோபம் வந்துவிட்டதாம், இதில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லையா என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள், அதிலேயே தெரிந்துவிட்டது.

நான் எழுந்தேன்.

"சொல்லிக் கொடுத்தது நான்தாங்க. மொதல் தடவை. வரி போடப் போறாங்கன்னு நெனச்சு, வீடு வீடா ஓடிப் பூஜ்யம் சொல்லச் சொன்னேன். அந்தத் தப்பு என்னோடது. ரெண்டாம் தடவை நான் கேட்டுக்கு வெளியிலதான் நின்னேன். ஒரு வார்த்தை சொல்லல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பொறியாளரும் சிரித்தார். அதை எப்படி அம்மா நம்புவது என்றார். எங்கள் தெருக்காரர்களுக்கே அது கொஞ்சம் கஷ்டம்தான்.

அப்போது இஸ்திரிக் கடைக்காரி எழுந்தாள். எப்போது வந்தாள் என்றே நான் பார்க்கவில்லை, கதவருகில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னோட பூஜ்யத்தப் பாருங்க," என்றாள். "மூணாவது தெரு, கடைசி வீடு. ஏரி வேண்டாம்னு நான் சொன்னது அப்படியே இருக்கா, இல்லையா? அந்த அக்கா கேட்டு வாசல்லதான் நின்னாங்க, நான் சொன்னது அவங்க காதுல விழுந்துது. மாத்தணும்னா என்னை மாத்தியிருப்பாங்க. மாத்தல. இப்பவும் எனக்கு ஏரி வேண்டாம்தான். ஆனா அவங்க சொல்றது நிஜம்."

பொறியாளர் படிவக் கட்டை வாங்கிக் கடைசித் தாளைத் தேடி எடுத்தார். பார்த்தார். அதற்கு முந்தினதையும் எடுத்துப் பார்த்தார், கணக்கு வாத்தியாருடையது. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, ஏரி வேண்டாம் என்ற பதினொரு தாளையும் ஒன்றொன்றாகப் படித்தார். பதினொன்றிலும் பதினொரு விதமாக எழுதியிருந்தது. திருத்தின தொகையை ஏற்றுக்கொள்கிறோம் என்று பக்கத்தில் இருந்த நகராட்சித் தலைவர் சொன்னார். தூர்க்கும் பரிந்துரை வாபஸ்.

எல்லாரும் படியிறங்கும்போது நான் இறங்கவில்லை. வீட்டுக்காரரை டெய்லரிடம் விட்டுவிட்டு, இஸ்திரிக் கடைக்காரி கையைப் பிடித்துக்கொண்டு பொறியாளர் மேஜைக்குத் திரும்பிப் போனேன். மூன்றாம் தெரு முனையில் தண்ணீர் போக வழியில்லை, அங்கே ஒரு வடிகால் வேண்டும், எப்போது பார்க்க வருவீர்கள் என்று கேட்டேன். மனு கொடுங்கள் என்றார். இங்கேயே எழுதித் தருகிறேன், தாள் கொடுங்கள் என்றேன். நாங்கள் இரண்டு பேரும் நிற்கிற நிற்பைப் பார்த்துவிட்டு அவர் தாளைக் கொடுத்தார். வியாழக்கிழமை வருவதாகத் தேதியும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை டேப்போடு வந்து அளந்தார்கள். அடுத்த மாசம் கணக்குப் பெண் புதுப் படிவத்தோடு தெருவுக்கு வந்தாள். முனையில் வடிகால் போட உங்கள் வீட்டிலிருந்து மாசம் எவ்வளவு தருவீர்கள் என்று ஒரே கேள்வி, கீழே ஐந்து கட்டம். முதல் வீடு வழக்கம்போல என்னுடையது. நாற்பது என்று சொன்னேன். அவரைக் கேட்டுத்தான் சொன்னேன், மருந்துச் செலவு போக எங்களால் முடிந்தது அதுதான். கதவைச் சாத்தவில்லை.

டெய்லர் எதிர்வாசலில் காத்துக்கொண்டிருந்தாள், கழுத்தில் அளவு நாடாவோடு. "அக்கா, எவ்வளவு சொல்லட்டும்?"

நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மிட்டாய் இன்னும் இரண்டு இருந்தது. ஒன்றை என் வாயில் போட்டுக்கொண்டு, மற்றதை அவள் கையில் கொடுத்தேன்.